தண்ணி டேங்க் ஆள் யார் என்று கேட்டாயே

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. அதற்கு முன்னால் இப்போது கோபம் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. புதன்கிழமை போனில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதற்கு நீ என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள்தானே. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பதிலைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் "விடும்மா, விடும்மா" என்று முதுகைத் தட்டி முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நம் வீட்டில் யார் பெயரும் போடாமல் எங்கள் பாட்டுக் குழுவிலும் இதைப் போடப் போகிறேன். பத்துப் பேர் நடுவில் மானம் போனது என்றுதானே நீ அத்தனையும் செய்தாய், பதிலும் பத்துப் பேர் நடுவிலேயே இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாவலூரிலிருந்து வந்தாய். இரண்டு பேரும் உட்கார்ந்து யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டோம். வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். சோபாவில் சாய்ந்துகொண்டு, "போனைக் குடும்மா, ஸ்டோரேஜ் ஃபுல்லா இருக்கும், க்ளீன் பண்ணித் தரேன்" என்றாய். பிள்ளை தானாகக் கேட்டுச் செய்கிறானே என்று நான் பாலில் சொட்டுத் தண்ணீர் விடாமல் உனக்குக் காபி போட்டேன். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே, நான் நாலு வருஷமாகப் பாடிச் சேர்த்து வைத்திருந்ததை முழுக்க அழித்திருக்கிறாய். ஆப்பில் இருந்த என் கணக்கு போயிற்று. போனில் இருந்த பாட்டு போயிற்று. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது, எனக்கு வந்தது எல்லாம் போயிற்று. போனை என் கையில் கொடுத்து, "இப்ப பாரு, எவ்ளோ ஃபாஸ்டா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். நானும் தேங்க்ஸ்டா என்றேன்.

எனக்கு யார் மூலமாகத் தெரிந்தது தெரியுமா? உனக்கு மனைவியாக வரப்போகிறவள் மூலமாக. புதன்கிழமை காலை அவள் போன் செய்து, "அத்தை, ரிசப்ஷன்ல நீங்க என்ன பாட்டு பாடினா நல்லாருக்கும்னு பார்க்கலாம்னு உங்க பேரைத் தேடினேன், ஒண்ணுமே வரலையே, ஆப்பை விட்டுட்டீங்களா?" என்றாள். ஆப்பைத் திறந்து பார்த்தேன், காலி. உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஆமாம்மா, நான்தான் டெலீட் பண்ணேன். நிச்சயதார்த்தத்துல அவ சித்தப்பா போனை எடுத்து எல்லாருக்கும் காட்டறாரு. சம்பந்தியம்மா யார் யாரோடயோ டூயட் பாடறாங்கன்னு ஒரே சிரிப்பு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. அதுவும் தண்ணி டேங்க் படத்தை வச்சிருக்கான் பாரு ஒருத்தன், மூஞ்சிகூடக் கிடையாது, அவனோட மட்டும் நாப்பது பாட்டு. யாரும்மா அவன்?" அந்த அவன் இவன் எல்லாம் நீ சொன்னதுதான், நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

முதலில் உன் மானத்தைப் பற்றிப் பேசுவோம். ஆறு மாதம் முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஏதோ பெரிய இசை நிகழ்ச்சி என்று போய், மூன்று மணி நேரம் டிராஃபிக்கில் நின்று, சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தாயே. அங்கே எடுத்த வீடியோவை எனக்குக் காட்டினாய். அதில் பாடகர் தெரியவில்லை, முன்னால் நின்றவனின் போன்தான் தெரிந்தது, அந்தப் போனுக்குள் இன்னொரு போன் தெரிந்தது. நான் சிரித்தேனா? உன் செருப்பைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். இந்த மார்கழியில் சபாவில் உட்கார்ந்து ஒரு பெண்மணி பாடினால் நீயே என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவாய். அதே பெண்மணி வயதில் உன் அம்மா சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து சினிமாப் பாட்டுப் பாடினால் குடும்ப மானம் போய்விடும். இவ்வளவு பெரிய ஊரில் மற்றவர்கள் பாடுவதை, ஆடுவதை, நடிப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம், வீட்டில் ஒருத்தி தானாக வாயைத் திறந்தால் மட்டும் கூச்சம். இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவே இல்லை.

அந்த ஆப் எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்காது, நீ அழிப்பதற்குத்தானே உள்ளே போனாய். ஒரு ஜோடிப் பாட்டில் ஒருவர் தன் பாதியைப் பாடிப் போட்டுவிடுவார். மறு பாதி காலியாக இருக்கும். விருப்பப்பட்டவர் அதில் சேர்ந்து பாடலாம். சேர்ந்தவர் கணக்கில்தான் முழுப் பாட்டும் தங்கும். யாரும் சேராவிட்டால் அந்தப் பாதிப் பாட்டு சில நாளில் தானாகப் போய்விடும். மதுரையிலிருந்து ஒரு தமிழ் டீச்சர், துபாயிலிருந்து ஒரு லாரி டிரைவர், இப்படி எத்தனையோ பேரோடு பாடியிருக்கிறேன். அப்படித்தான் தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடும் எங்கள் குழுவும் சேர்ந்தது. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன ஹால், பெரிய ஸ்பீக்கர், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே ஆட்டோ ஓட்டும் சேகர் இருக்கிறார். முதல் நாள் நான் பாடி முடித்ததும், "அக்கா, வாய்ஸ் சூப்பரா கீது, ஆனா பயந்துகினே பாடற, இங்க யாரு உன்ன இன்னா பண்ணப் போறாங்க" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் என்னிடம் ஒருத்தர் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து, பஸ்ஸில் வந்த களைப்புகூடத் தெரியாமல், வாசல் கேட்டைத் திறக்கும்போதே பாடிக்கொண்டுதான் நுழைந்தேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஆப்பில் மொட்டைமாடி என்ற பெயரில் ஒருவரின் பாதிப் பாட்டு என் கண்ணில் பட்டது. படத்தில் ஆள் இல்லை, ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க். குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் தாளம் பிசகவில்லை, ஒரு அவசரமும் இல்லை. யாரும் அதில் சேரவில்லை. பாவமாக இருந்தது, சேர்ந்து பாடினேன். அடுத்த வாரம் இன்னொன்று போட்டார். அதிலும் சேர்ந்தேன். நாலாவது பாட்டா ஐந்தாவதா என்று நினைவில்லை, இடையிசை ஓடும்போது பின்னால் ஒரு சத்தம். "அக்கா, சங்கரா கீது, ஃப்ரெஷ்ஷா கீது, எடுத்துக்கிறியா?" அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல், "வெள்ளிக்கிழமைம்மா, வேணாம்." திரும்பவும் முதல் குரல், "நான் வந்துகினே கீறேன், நீ வேணாம்னுகினே கீற." அது கோவளத்திலிருந்து நம் தெருவுக்கு வரும் மீன்காரம்மா. வேணாம் என்றது நான்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மோட்டார் போட்டிருக்கிறேன், டேங்க் நிரம்புகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு தினமும் முக்கால் மணி நேரம் மாடிக்குப் போவாரே உன் அப்பா. கிண்டி தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணியவர், ரிடையர் ஆனபிறகு தண்ணீர் டேங்க்மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் நினைத்ததுண்டு. நீ கேட்ட அவன் அவர்தான். நாற்பது பாட்டும் அவரோடு பாடியது. மேலே அவர், கீழே நான், நடுவில் பதினெட்டுப் படி.

என் கணக்கில் என் பெயரும் இருந்தது, படமும் இருந்தது. சேர்ந்து பாடுவது நான்தான் என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார். நான் நன்றாகப் பாடிய நாளில் சாப்பிடும்போது, "இன்னிக்கு ரசம் நல்லாருக்கு" என்பார். ரசம் எல்லா நாளும் ஒரே ரசம்தான். பிசகிய நாளில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி பழகிக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலம் இல்லை. உன்னைப் பெற்றபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததா என்று இந்தக் கோபத்தில் யோசிக்கிறேன்.

அவர் ஏன் ஒளிந்து பாடினார் என்று கேட்பாய். அதற்குக் காரணம் நான். கல்யாணமான புதிதில் உன் மாமா கல்யாணத்துக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். பாட்டுக்குப் பாட்டு விளையாட்டு. உன் அப்பா எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உருகி உருகிப் பாட ஆரம்பித்தார். என் சித்திகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உட்காருங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றேன். பாட்டு நடுவில் நின்றது. அவர் உட்கார்ந்தார். பிறகு குளியலறையில்கூட அவர் பாடி நான் கேட்டதில்லை. அதனால்தான் ஆப்பில் குரலைக் கேட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கட்டின புருஷன் குரலை எனக்கு ஒரு மீன்காரம்மா கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நீ மறந்திருக்கமாட்டாய். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது உன் கீபோர்டை உன்னைக் கேட்காமல் செங்கல்பட்டில் உன் மாமா பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். படிப்பு கெடுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ டியூஷன் முடிந்து வந்தாய். மேஜை காலியாக இருந்ததைப் பார்த்தாய். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு வந்து உட்கார்ந்து, "சட்னி இருக்கா?" என்றாய். அவ்வளவுதான். உன் அப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை, நீ பேசினாய், அதனால் உனக்கு ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்றுவரை நீ கீபோர்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. உன் நாவலூர் வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, ஒலிக்கு நாலு பெட்டி இருக்கிறது, நீயாக வாசிக்க ஒரு ஊதுகுழல் கிடையாது. நல்லதுக்குத்தான் என்று சொல்லி, சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் ஒன்றை இல்லாமல் ஆக்கிவிட்டு, பிறகு சாதாரணமாக இருப்பதற்கு இந்த வீட்டில் ஆசிரியை நான்தான். நீ நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய். இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மறு பாதி உன்னுடையது, அதை நீ வாங்கிக்கொள்.

ஏனென்றால் நீ ஒன்றைக்கூட அழுத்திக் கேட்கவில்லை. நாற்பது பாட்டு கண்ணுக்கு முன்னால் வரிசையாக இருந்தது. ஒன்றில் விரலை வைத்திருந்தால் போதும். பின்னால் நம் தெரு கேட்டிருக்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டிருக்கும், அப்பா பாட்டுக்கு நடுவில் தொண்டையைச் செருமுவது கேட்டிருக்கும். பாட்டை விடு. அந்தப் படத்தைப் பார்த்தாயே, உனக்குக் கண் இல்லையா? புயலில் நம் டேங்க் மூடி பறந்து போய் எதிர்வீட்டுக் கார்மேல் விழுந்தபோது, காலேஜில் படித்துக்கொண்டிருந்த நீதான் மேலே ஏறி நீல நைலான் கயிற்றால் அதைக் கட்டினாய். மூன்று முடிச்சு, மூன்றும் அலங்கோலம். கயிறு வெளுத்துப் போனபிறகும் அப்பா அதை மாற்றவில்லை. "பையன் கட்டினது, இருக்கட்டும்" என்பார். அந்தப் படத்தில் அந்தக் கயிறு அப்படியே தெரியும். உன் கையால் போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டுத்தான் யாரும்மா அவன் என்று கேட்டாய்.

போன வருஷம் ஆனியில் அவர் போனார். காரியம் முடிந்ததும் அவர் போனை நீ ரீசெட் செய்து உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்குக் கொடுத்தாய். என்னைக் கேட்டாய், நானும் கொடு என்றேன். அவர் பாட்டெல்லாம் என் கணக்கில்தான் இருக்கிறதே என்ற தைரியம். வருஷ திதி முடிந்துதான் உனக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்தோம். அந்த ஒரு வருஷம் முழுக்க மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு பாட்டு போட்டுக் கேட்பேன், ஒன்றே ஒன்று, தீர்ந்துவிடக் கூடாது என்கிற மாதிரி. கல்யாண அலைச்சல் ஆரம்பித்தபிறகு அது விட்டுப்போயிற்று, அதனால்தான் புதன்கிழமைவரை எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை சேகர் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். அழித்த கணக்கைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். யார் யாரோ என்று நீ சொன்னாயே, அதில் ஒருத்தர் அவர்.

இனி நான் சொல்வதைக் கேள். ரிசப்ஷனில் நான் பாடுவேன். அந்தச் சித்தப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுக்கட்டும். ஜோடிப் பாட்டுத்தான் பாடுவேன், ஆண் குரல் வருகிற வரிகளில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன், இசை மட்டும் ஓடட்டும். ஏன் நிற்கிறேன் என்று அந்த ஹாலில் உனக்கு ஒருவனுக்குத் தெரிந்தால் போதும். இன்னொன்று, வரப்போகிறவள் களிமண்ணில் சின்னச் சின்னக் கம்மல் செய்து பெயின்ட் அடிக்கிறாள். நிச்சயதார்த்தத்துக்கு அவளே செய்ததைத்தான் போட்டிருந்தாள், நீ கவனித்திருக்கமாட்டாய். உன் வீட்டில் அவளுக்கு என்று ஒரு மேஜை ஒதுக்கு. தரையெல்லாம் மண் என்று முகம் சுளிக்காதே. ஆபீஸ் நண்பர்கள் வரும்போது அதை எடுத்து உள்ளே வை என்று சொல்லாதே. எடுத்து உள்ளே வைத்தது இந்த வீட்டில் திரும்ப வெளியே வந்ததே இல்லை. நீயும் முடிந்தால் ஒரு கீபோர்டு வாங்கு, முப்பது வயதில் விரல் மடங்காது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் கோபத்தைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். அப்பா இருந்தபோது உன் பிறந்தநாளுக்கு நான் வாட்ஸ்அப்பில் உனக்கு ஒரு பாட்டு அனுப்பினேன். கேட்டுச் சொல்லுடா என்று எழுதியிருந்தேன். நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். நீ கேட்கவில்லை என்று எனக்கு அன்றே தெரியும், கேட்டிருந்தால் உடனே கூப்பிட்டிருப்பாய். அந்த நாற்பதில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அது உன் போனில் தானாக இறங்கி எங்கேயாவது கிடக்கும் என்று சேகர் சொல்கிறார், நீ உன் போனையும் என் போன் மாதிரி க்ளீன் பண்ணாமல் இருந்தால். மன்னிச்சுடும்மா என்று சொல்வதற்கு இப்போதே என்னைக் கூப்பிடாதே. முதலில் போய் அதைத் தேடு. கிடைத்தால் தனியாக உட்கார்ந்து கேள். பாட்டு முடிந்துவிட்டது என்று உடனே அணைத்துவிடாதே, அப்பாவுக்கு எப்போதும் நிறுத்துகிற பொத்தானை அழுத்த மறந்துவிடும். கடைசியில் கீழேயிருந்து நான் கூப்பிடுவது கேட்கும், "பையன் லைன்ல இருக்கான், வாங்க." செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்கும். பிறகு படியில் இறங்கிக்கொண்டே, மூச்சு வாங்க, அவர் சொல்வார்: "வச்சுடப் போறான், இருக்கச் சொல்லு, வந்துட்டேன், இதோ வந்துட்டேன்."

அம்மா